கறுப்புப் பட்டையை என்ன செய்வது? ஸ்கோப் படத்துக்கு டிவியும் திரையும் தேர்ந்தெடுப்பது

55 இன்ச் டிவியில் ஒரு சினிமாஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) படத்தைப் போட்டால் படம் நிற்கிற உயரம் 51 செ.மீ.தான். டிவியின் திரை உயரமோ 68.5 செ.மீ. மிச்சமுள்ள பதினேழரை செ.மீ. மேலே பாதி, கீழே பாதி என்று கறுப்பாகக் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய திரையில் கால்வாசி சும்மா கிடக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். கை ரிமோட்டில் ஜூமைத் தேடும். எந்த அளவு டிவி வாங்குவது, புரொஜக்டர் திரையை என்ன வடிவில் அடிப்பது, பழைய படத்தை எப்படிப் பார்ப்பது என்று எங்கே தொடங்கினாலும் இந்தக் கறுப்பில்தான் வந்து முட்ட வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாக, ஏனென்றால் இன்றைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்.

விகிதம் என்பது அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண். 1932-இல் ஹாலிவுட்டில் நிலைத்த அகாடமி விகிதம் 1.37. பராசக்தி காலத்துப் படங்கள் இந்தச் சதுரச் சாயலில் இருப்பவை. 1953-இல் ‘தி ரோப்’ படத்தோடு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. வீட்டு டிவிப் பெட்டியிடம் பறிகொடுத்த கூட்டத்தைத் தியேட்டருக்குத் திருப்பி இழுக்கத்தான் படத்தை அகலமாக்கினார்கள். இந்தியாவுக்கு 1959-இல் ‘காகஸ் கே பூல்’ மூலமும், தமிழுக்கு 1973-இல் ‘ராஜ ராஜ சோழன்’ மூலமும் ஸ்கோப் வந்தது. இன்றைய டிஜிட்டல் தியேட்டரில் முக்கியமாக இரண்டே அளவுகள்: பிளாட் 1.85, ஸ்கோப் 2.39.

டிவியின் 16:9, அதாவது 1.78, இந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நடுவர். பழைய சதுரச் சாயலில் உள்ள 4:3 படத்தை, அதாவது 1.33, போட்டால் இடமும் வலமுமாகத் திரையில் 25 சதவீதம் கறுப்பு. ஸ்கோப் போட்டால் மேலும் கீழுமாக 25.6 சதவீதம் கறுப்பு. இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு அநியாயம். பிளாட் படத்துக்கு மட்டும் பட்டை கண்ணிலேயே படாது, 55 இன்ச்சில் மேலே ஒரு செ.மீ.க்கும் சற்று மேல், கீழே அதே அளவு. 2.00 விகிதத்தில் எடுக்கிற இணையத் தொடர்களுக்கு மேலும் கீழும் நாலு செ.மீ.க்குள்.

ஜூமா, ஸ்ட்ரெட்சா, அப்படியே விடுவதா

ஜூம் செய்தால் ஸ்கோப் படத்தின் அகலத்தில் 25.6 சதவீதம் போய்விடும். இடது ஓரத்தில் 12.8, வலது ஓரத்தில் 12.8. எண்ணாகச் சொன்னால் சின்னதாகத் தெரியும், ஒரு காட்சியில் வைத்துப் பாருங்கள். திண்ணையின் ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் மகன், நடுவில் காலி இடம். பேச்சுவார்த்தை அறுந்துபோனதை அந்தக் காலி இடம்தான் சொல்கிறது. ஃபிரேமின் அகலத்தை 100 என்று வைத்தால் அப்பாவின் மூக்கு 12-இல், மகனின் மூக்கு 88-இல். ஜூம் அழுத்தியதும் 12.8-க்கு இடப்புறம் இருந்ததெல்லாம் போகும். அப்பாவுக்கு ஒரு கண், மகனுக்கு ஒரு கண், நடுவில் பெரிதாக்கிய சுவர். குழு நடனத்தில் கடைசி வரிசை ஆட்கள் காணாமல் போவார்கள், டைட்டிலில் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போகும். போதாக்குறைக்கு, இருக்கிற புள்ளிகளையே 1.34 மடங்கு இழுப்பதால் படம் கொஞ்சம் மங்கும்.

ஸ்ட்ரெட்ச் ஒன்றையும் வெட்டாது, கோணலாக்கும். ஸ்கோப்பை நெடுக்காக இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு உயரமாகி விடுவார்கள். 4:3 படத்தைக் குறுக்காக இழுத்தால் அதே அளவு அகலம். அந்தக் கால நாயகிகள் எல்லாரும் குண்டு என்று ஒரு தலைமுறை நம்பியதற்கு எல்இடி டிவியின் ‘ஃபுல்’ பட்டனுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆக, புதிதாக வெளிவந்த படங்களுக்குப் பட்டையை அப்படியே விடுவதுதான் சரி. ஆனால் ஜூம் சரியாகப் பொருந்துகிற ஓர் இடம் இருக்கிறது. விசிடி காலத்தில் ஸ்கோப் படங்களை 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு அடைத்துப் பதித்தார்கள். அந்தப் பிரதிதான் பிறகு யூடியூபில் ஏறியது. அதை 16:9 டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு. 55 இன்ச் டிவியில் நிஜப் படம் 91 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம்தான், திரைப் பரப்பில் 42 சதவீதம். இங்கே ஜூம் அழுத்தினால் 4:3 சட்டம் முழு அகலத்துக்கு விரியும். மேலும் கீழும் வெட்டுப்படுவது ஏற்கெனவே கறுப்பாக இருந்த பகுதி மட்டும். படத்தில் எதுவும் போகாது, 122க்கு 51 என்ற முழு ஸ்கோப் அளவு கிடைத்துவிடும். கீழ்ப் பட்டையில் சப்டைட்டில் பதிந்திருந்தால் மட்டும் அது மறையக்கூடும். சில டிவிகள் உள்ளே பதிந்த ஆப்களுக்கு ஜூமைத் தராது. அப்போது லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டி, விஎல்சி பிளேயரில் கோப்பைத் திறந்து ‘சி’ விசையைத் தட்டினால் வெட்டும் அளவுகள் ஒவ்வொன்றாக வரும். ‘ஏ’ விசை விகிதத்தை மாற்றும், அது ஸ்ட்ரெட்ச். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்ச்சைப் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள்

கடையில் சொல்லும் இன்ச் மூலைக்கு மூலை அளவு. ஸ்கோப் பார்ப்பவருக்கு உதவுகிற எண் அகலம். 43 இன்ச் டிவி 95 செ.மீ. அகலம், 55 இன்ச் 122, 65 இன்ச் 144, 75 இன்ச் 166. அந்த அகலத்தை 2.39-ஆல் வகுத்தால் ஸ்கோப் படத்தின் உயரம் வரும்: 40, 51, 60, 69.5. கடைசி எண்ணைக் கவனியுங்கள். 55 இன்ச்சில் கிரிக்கெட் தெரிகிற உயரத்தில் ஸ்கோப் படமும் தெரிய வேண்டும் என்றால் 75 இன்ச் வாங்க வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் விலையை வைத்துத் தயங்குகிறவர், செய்தியும் சீரியலும்தான் வீட்டில் அதிகம் ஓடும் என்றால் 65-இல் நிற்கலாம். சினிமாதான் முக்கியம் என்றால் அந்தப் பத்து இன்ச்சை விடக்கூடாது.

உட்காரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கண்ணுக்குத் திரை குறைந்தது 30 டிகிரி அகலத்தில் தெரிய வேண்டும் என்பது சினிமாத் தொழில்நுட்பக்காரர்கள் நெடுநாளாகப் பிடித்து வருகிற அளவு. எட்டடி தூரத்தில் சோபா என்றால் 55 இன்ச் 28 டிகிரி தரும், 65 இன்ச் 33, 75 இன்ச் 38. சோபாவை ஒன்றேகால் அடி முன்னால் இழுப்பது 55-ஐ 65-க்குச் சமமாக்கிவிடும், அதற்குச் செலவில்லை.

பேனல் விஷயத்தில் பட்டையின் நிறம் முக்கியம். ஓஎல்இடியில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளிகள் அணைந்தே இருக்கும், விளக்கை அணைத்த அறையில் பட்டை சுவரோடு கலந்துவிடும். எல்சிடி வகையில் விஏ பேனல் பரவாயில்லை. ஐபிஎஸ் பேனல் இருட்டில் சாம்பல் அடிக்கும், ஸ்கோப் பார்ப்பவரை உறுத்துவது பெரும்பாலும் இந்தச் சாம்பல்தான், பட்டை இருப்பது அல்ல. ஐபிஎஸ் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் டிவியின் பின்சுவரில் மங்கலான வெள்ளை விளக்குப் பட்டை ஒன்று ஒட்டுங்கள். பின்னால் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கண்ணுக்குச் சாம்பல் கறுப்பாகிவிடும்.

பழைய படமும் செட்-டாப் பாக்ஸும்

குளறுபடி அதிகம் நடப்பது இங்கேதான், ஏனென்றால் விகிதத்தில் கை வைக்கிற இடம் மூன்று: சேனல், பாக்ஸ், டிவி. பாக்ஸ் 4:3 என்று அனுப்ப, டிவி அதை இழுக்க, சேனல் ஏற்கெனவே ஒருமுறை வெட்டியிருக்க, கடைசியில் வருவது யாரும் எடுக்காத படம்.

முதலில் பாக்ஸின் அமைப்பில் போய் வெளியீட்டை 1080, திரை வடிவம் 16:9 என்று வையுங்கள். அங்கே படத்தின் வடிவத்துக்குத் தனித் தேர்வு இருந்தால், இழுக்காமல் பக்கத்தில் கறுப்பு விடுகிற ‘பில்லர் பாக்ஸ்’ அல்லது ‘ஒரிஜினல்’. பிறகு டிவியில் 16:9, ‘ஆட்டோ’வோ ‘ஜூம்’மோ வேண்டாம். அதன் பிறகு ஓவர்ஸ்கேன். குழாய் டிவி காலத்தில் ஓரம் ஒழுங்காக வராது என்பதற்காகப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே தள்ளும் பழக்கம் இருந்தது. எல்இடி வந்த பிறகும் பல டிவிகளில் அது அப்படியே தொடர்கிறது, ஒவ்வோர் ஓரத்திலும் இரண்டு மூன்று சதவீதத்தைத் தின்கிறது. செய்திச் சேனலின் கடைசி வரி பாதி தெரிந்தால் ஓவர்ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ ஆகியவற்றை ஆன் செய்தால் நிற்கும். சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’வுக்குள் இருக்கும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கலாம், ஒன்றில் சரிசெய்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் கோணலாகத் தெரிந்தால் கோளாறு சேனலில். அதைக் கண்டுபிடிக்க வட்டமான ஒன்றைத் தேடுங்கள். மாட்டுவண்டிச் சக்கரம், நெற்றிப் பொட்டு, சாப்பாட்டுத் தட்டு எதுவானாலும் சரி, காமிராவுக்கு நேராக இருக்க வேண்டும். வட்டம் முட்டை வடிவில் படுத்திருந்தால் சேனல் 4:3-ஐ இழுத்து அனுப்புகிறது. இது மீட்கக்கூடிய நோய், டிவியை 4:3-க்கு மாற்றினால் முகம் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். வட்டம் வட்டமாகவே இருந்து, நிற்கிறவர்களின் தலையுச்சியும் கால்களும் ஷாட்டுக்கு ஷாட் வெட்டுப்பட்டால் சேனல் மேலும் கீழும் கத்தரித்துவிட்டது. போனது போனதுதான், எந்த பட்டனும் கொண்டுவராது. 1.37 படத்தை 16:9-க்கு நிரப்பினால் உயரத்தில் 23 சதவீதம் போகும். பழைய படத்தை ‘சினிமாஸ்கோப்பில் புதுப்பித்து’ என்று சொல்லி 2.39-க்குக் கத்தரித்தால் 43 சதவீதம். கிட்டத்தட்ட பாதிப் படம்! ஒரே படத்துக்குப் பக்கக் கறுப்போடு ஒரு பிரதியும் திரை நிறைந்த ஒரு பிரதியும் கிடைத்தால், படம் சுமாராகத் தெரிந்தாலும் பக்கக் கறுப்புள்ளதை எடுங்கள்.

4:3 படம் சின்னதாகத் தெரிகிறதே என்ற மனக்குறை நியாயமானது. 32 இன்ச் எல்இடியில் அது 26 இன்ச் படம்தான், பழைய 29 இன்ச் குழாய் டிவியில் தெரிந்ததைவிட ஒரு பிடி குறைவு. 43 இன்ச்சில் 35 இன்ச் கிடைக்கும். கறுப்பு-வெள்ளைப் படங்களுக்காகவே அம்மா அப்பா அறைக்கு டிவி வாங்குகிறவர்கள் 43-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

திரை நிறைந்து வரும் ஸ்கோப்: எது லாபம், எது வெட்டு

ஒரே படம் ஓர் இடத்தில் பட்டையோடும் இன்னோர் இடத்தில் திரை நிறையவும் கிடைப்பதுண்டு. நிறைந்ததெல்லாம் வெட்டியது என்று சொல்லிவிட முடியாது. காமிரா பெரும்பாலும் ஸ்கோப்பைவிட உயரமான படத்தைத்தான் பதிவு செய்கிறது, மேலும் கீழும் மறைத்து 2.39 எடுக்கிறார்கள். அந்த மறைப்பைத் திறந்து வெளியிட்டால் ஓபன் மேட். அகலம் அப்படியே இருக்க, தலைக்கு மேல் வானமும் காலடியில் தரையும் கூடுதலாக வரும். எப்போதாவது மேலே மைக் எட்டிப்பார்க்கும். ஆனால் கிராபிக்ஸ் ஷாட்டுகளை 2.39-க்கு மட்டுமே செய்து முடித்திருந்தால், அந்த ஷாட்டுகள் வரும்போது மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி நிரப்புவார்கள். இரண்டு பிரதிகளிலும் ஒரே ஷாட்டை நிறுத்தி இடது ஓரத்தில் இருக்கும் தூணையோ கதவையோ பாருங்கள். நிறைந்த பிரதியில் தூண் அப்படியே இருந்து மேலே கூரை கூடியிருந்தால் ஓபன் மேட், தூண் காணோம் என்றால் வெட்டு.

ஓபன் மேட் கிடைத்தாலும் அதையே பார்க்க வேண்டும் என்பதில்லை. குளோசப்பில் புருவத்துக்கு மேல் இறுக்கிப் பிடித்திருந்த ஃபிரேம், திறந்ததும் தலைக்கு மேல் வெற்றுச் சுவரோடு தளர்ந்து நிற்கும். தியேட்டரில் எப்படி வந்ததோ அதுவே முதல் தேர்வு. ஐமேக்ஸுக்காகவே எடுத்த பகுதிகள் இதற்கு விலக்கு. ‘தி டார்க் நைட்’ ப்ளூரேயில் ஐமேக்ஸ் காட்சிகள் வரும்போது பட்டை மறைந்து திரை நிறையும், மற்ற இடங்களில் ஸ்கோப்புக்குத் திரும்பும். இந்த மாதிரிப் படங்களுக்கு 16:9 திரையை அடித்துக்கொள்ள வேறில்லை. இதைப் புரொஜக்டர் வாங்குகிறவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கோப்புக்கென்றே டிவி செய்தால் என்ன என்று ஒரு முயற்சியும் நடந்தது. 2009-இல் ஃபிலிப்ஸ் 56 இன்ச்சில் 21:9 டிவி கொண்டுவந்தது. சில வருடங்களில் அந்த வகையே சந்தையிலிருந்து போய்விட்டது. செய்தி, விளையாட்டு எல்லாம் 16:9 ஆக இருக்கும்போது பக்கத்தில் கறுப்போடு யார் பார்ப்பார்கள்? இன்று அந்த வடிவம் 34 இன்ச் கணினி மானிட்டரில் உயிரோடு இருக்கிறது. 80 செ.மீ. அகலம், சினிமாவுக்கு மட்டும் என்றால் 95 செ.மீ. அகலமுள்ள 43 இன்ச் டிவியே மேல். போனில் 20:9 திரை ஸ்கோப்புக்கு ஏறக்குறைய கச்சிதம். விரலால் விரித்து நிரப்பினாலும் 7 சதவீதம்தான் போகும். 16:9 வீடியோவை அப்படி நிரப்பினால் மேலும் கீழும் 20 சதவீதம் போய்விடும்.

புரொஜக்டர்: 16:9 திரையா, ஸ்கோப் திரையா

தியேட்டரில் திரைச்சீலை விலகி ஸ்கோப் விரிவது போல வீட்டிலும் வேண்டும் என்ற ஆசையில் 2.39 திரை அடிப்பவர்கள் உண்டு. ஆசையை ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுத்துச் சுவரை அளக்க வேண்டும். முதலில் தீர்ந்துபோவது அகலமா, உயரமா? முடிவு அதிலேயே இருக்கிறது.

சுவர் பத்தடி. ஒரு பக்கம் கதவு, இரு பக்கமும் ஸ்பீக்கர். திரைக்குக் கிடைப்பது 265 செ.மீ. அகலம் என்று வைப்போம். 16:9 திரை போட்டால் 265-க்கு 149, அதாவது 120 இன்ச். அதில் ஸ்கோப் படம் 265-க்கு 111. ஸ்கோப் திரை போட்டாலும் ஸ்கோப் படம் அதே 265-க்கு 111. ஒரு செ.மீ. கூடவில்லை. ஆனால் கிரிக்கெட் 120 இன்ச்சிலிருந்து 89 இன்ச்சுக்குச் சுருங்கிவிட்டது. காசு கொடுத்து நஷ்டம் வாங்குவது இதுதான். நம் ஊர் ஹால்களில் பெரும்பாலும் அகலம்தான் முதலில் தீரும், ஆகவே பெரும்பாலானவர்களுக்கு 16:9.

உயரம் முதலில் தீர்கிற அறையும் உண்டு. மேலே பீம், அதன் கீழ் ஏசி, தரையில் மேசையும் நடு ஸ்பீக்கரும். நடுவில் 110 செ.மீ.தான் மிச்சம், சுவரோ பதிமூன்று அடி. இங்கே 16:9 திரை 196 செ.மீ. அகலத்தில் நின்றுவிடும், ஸ்கோப் திரை 263 வரை போகும். உயரம் மாறாமல் படம் பக்கவாட்டில் விரிகிற அந்தத் தியேட்டர் அனுபவம் இங்கேதான் கிடைக்கும். முன் வரிசை, பின் வரிசை என்று இருக்கை போட்ட தனி அறைக்கும் இது பொருந்தும், முன்னால் இருப்பவர் தலை திரையின் அடியை மறைப்பதால் திரையைக் கீழே நீட்ட முடியாது.

அப்படி ஸ்கோப் திரை போடப் புரொஜக்டரில் மூன்று விஷயம் வேண்டும்: மோட்டாரில் இயங்கும் ஜூம், பெட்டியை அசைக்காமல் படத்தை மேலும் கீழும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட், ஸ்கோப், 16:9 என்ற இரண்டு நிலைகளையும் நினைவில் வைக்கும் லென்ஸ் மெமரி. எப்சன், சோனி, ஜேவிசி ஆகியவற்றின் மேல்தட்டு மாடல்களில் இவை கிடைக்கும். ஜூம் குறைந்தது 1.34 மடங்கு. மலிவு டிஎல்பி பெட்டிகளின் 1.2 மடங்கு ஜூம் உதவாது, பக்கத்திலிருந்தே பெரிய படம் போடும் ஷார்ட் த்ரோ வகையில் பெரும்பாலும் ஜூமே கிடையாது. வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். த்ரோ விகிதம், அதாவது லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண், 1.35 முதல் 2.16 வரை உள்ள பெட்டி என்றால், 263 அகல ஸ்கோப்புக்கு லென்ஸ் திரையிலிருந்து குறைந்தது 355 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், 196 அகல 16:9-க்கு அதிகபட்சம் 423. ஆக 355-க்கும் 423-க்கும் நடுவில் எங்கே மாட்டினாலும் இரண்டும் சரியாக விழும். 1.5 முதல் 1.8 வரை உள்ள பெட்டிக்கு இதே கணக்கைப் போட்டால் ஸ்கோப்புக்குக் குறைந்தது 395, 16:9-க்கு அதிகபட்சம் 352. நடுவில் இடமே இல்லை. சீலிங்கில் துளை போட்ட பிறகு இது தெரிவது வருத்தம்.

ஸ்கோப்புக்காக ஜூமில் பெரிதாக்கும்போது வெளிச்சம் 1.8 மடங்கு பரப்பில் பரவும், ஆகவே படம் ஏறத்தாழ 55 சதவீத வெளிச்சத்துக்கு இறங்கும். லென்ஸை விரிக்கும்போது அது கொஞ்சம் கூடுதல் ஒளி விடுவதால் நிஜ இழப்பு சற்றுக் குறைவு. அதோடு, படத்தின் பட்டைகள் திரைக்கு மேலும் கீழும் 19 செ.மீ. அளவில் சுவரில் மங்கிய சாம்பலாக விழும். அந்த இடத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் தெரியும், அடர் நிறப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். படத்தை அகலவாக்கில் மட்டும் விரிக்கும் அனமார்ஃபிக் லென்ஸ் மாட்டினால் பட்டை சுவரில் விழாது, வெளிச்ச இழப்பும் குறையும். ஆனால் அந்த லென்ஸ் ஒன்றின் விலையில் இன்னொரு புரொஜக்டரே வாங்கலாம்.

16:9 திரை வைத்திருப்பவர் பட்டையை மறைக்கக் கறுப்பு வெல்வெட் போதும். 120 இன்ச் திரைக்கு 19 செ.மீ. உயரத்தில் இரண்டு மெல்லிய பலகைகள், திரையின் அகலத்துக்கு வெட்டி, வெல்வெட்டைச் சுற்றி, சட்டத்தில் வெல்க்ரோவால் ஒட்டிக் கழற்றலாம். சாட்டின், ரெக்சின் வேண்டாம், மினுங்கும். லென்ஸ் ஷிஃப்ட் இருந்தால் படத்தைத் திரையின் அடியோடு இறக்கிவிட்டு, மேலே 38 செ.மீ.க்கு ஒரே பலகை. ஒன்றை மாட்டிக் கழற்றுவது இரண்டைவிடப் பாதி வேலை, இரண்டு பலகை வைத்திருப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் மாட்டுவதையே நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக சப்டைட்டில். மலையாளமும் கொரியனும் அதிகம் பார்க்கிற வீடு என்றால் இதை முதலிலேயே சோதிக்க வேண்டும். பல படங்களில் எழுத்தின் இரண்டாவது வரி கீழ்ப் பட்டைக்குள் போய் உட்காரும். 16:9 திரையில் அது பட்டையில் தெரியும், ஸ்கோப் திரையில் சுவரில் விழும். கோப்பாக வைத்துப் பார்க்கிறவர் கோடி (Kodi) போன்ற பிளேயரில் எழுத்தை மேலே நகர்த்திக்கொள்ளலாம். ஓடிடி ஆப்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. எந்த ஆப்பில் அதிகம் பார்க்கிறீர்களோ, அதில் நாலு ஸ்கோப் படங்களைப் போட்டு, டிவியின் கீழ்ப் பட்டை மேல் ஒரு செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள். வசனம் படிக்க முடியவில்லை என்றால், சுவரின் அளவு என்ன சொன்னாலும் 16:9 திரைக்கே ஆர்டர் கொடுங்கள்.